கடலுக்கு ஏது எர்த்து?

வாடிப்பட்டியில் ஒரு போட் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி, வாடிப்பட்டியில் இறங்கி, டீக்கடையில் "போட்டுக்காரர் தோப்பு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள்.

இந்த ஊருக்கும் நீர்வழிப் போக்குவரத்துக்கும் உள்ள சம்பந்தம் பெரியாறு கால்வாயோடு சரி. தண்ணீர் விட்டால் பையன்கள் அதில் குளிப்பார்கள். விடாவிட்டால் அதே இடத்தில் கிரிக்கெட். கடல் வேண்டுமென்றால் மதுரை, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று கிழக்கே மூன்று மணி நேரம் போய்த் தொண்டியில் இறங்க வேண்டும்.

போட் என் மச்சானுடையது. மாமா பையன். சிங்கப்பூரில் எட்டு வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். அப்படி வந்தவர்கள் மாடி கட்டுவார்கள், டிராக்டர் வாங்குவார்கள், இல்லையென்றால் சீட்டுக் கம்பெனியில் போட்டுவிட்டு அழுவார்கள். மச்சான் தொண்டியில் ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கினார். பதினாறு அடி. பின்னால் ஒரு சின்ன அவுட்போர்டு என்ஜின்.

"மீன் பிடிக்கவா மச்சான்?"

"இல்ல மாப்ளே. சும்மா போய்ட்டு வர."

சும்மா போய்விட்டு வருவதற்காக இவ்வளவு பணம் செலவழித்த முதல் வாடிப்பட்டிக்காரர் அவர்தான். மாதம் ஒரு ஞாயிறு தொண்டிக்குப் போவார். கரையை ஒட்டி ஒரு மணி நேரம் சுற்றுவார். மச்சானோடு சில சமயம் அவர் மகளும் போவாள். பத்து வயசு. எனக்கு மருமகள் முறை. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா.

போன மாதம் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மினி லாரியில் போட்டை ஏற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டார். தென்னந்தோப்பில் இரண்டு மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் வாரமே ஒரு கோழி அதில் ஏறி முட்டை வைத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு போன்.

"மாப்ளே, போட்டுல ஹாரன் செத்துப்போச்சு. மாத்தணும். நீதான் வரணும்."

"நான் எதுக்கு மச்சான்? நான் பி.காம்."

"அன்னைக்கு எங்க வீட்டு மிக்ஸிய நீதான சரி பண்ணுன?"

பண்ணியது வாஸ்தவம். ப்ளக்கைச் சரியாகச் சொருகினேன். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். வேறு வழியில்லாமல் போனேன்.

போட்டின் பெயின்ட் சொறி பிடித்த மாதிரி உரிந்துகிடந்தது. "முதல்ல இதைச் சுரண்டுவோமா?" என்றேன். "பெயின்ட் கிடக்கட்டும். முதல்ல ஹாரன்" என்றார். அந்த அவசரம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. தென்னந்தோப்பில் நிற்கிற போட் யாருக்கு ஹாரன் அடிக்கப் போகிறது? தேங்காய்க்கா?

* * *

பழைய ஹாரன் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. முன்னாளில் யாரோ பைக் ஹாரனை மாட்டியிருக்கிறார்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்து, அதிரசம் மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. அதன் ஒயரும் எலி கடித்த கதையாய்த் துண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டையும் பிடுங்கி எறிந்தேன்.

மதுரைக்குப் போய் நானும் ஒரு பைக் ஹாரனே வாங்கி வந்தேன். மச்சானுக்கு அதில் திருப்தியில்லை. திண்டுக்கல் ரோட்டில் பஸ்கள் அடித்துக்கொண்டு போகுமே, ஏழு ஸ்வரத்தில், அந்த மாதிரி வேண்டுமாம். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே பல சுருதியில் பாடுகிற ஹாரன் கூடாது என்று இருக்கிறது. அந்த விஷயம் பஸ்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை என்று சமாதானம் சொன்னேன்.

என் பைக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே மாட்டினேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒரு ஒயர். ஸ்விட்ச்சிலிருந்து ஹாரனுக்கு ஒரு ஒயர். ஹாரனின் இன்னொரு முனையை, அதைத் தாங்குகிற இரும்புப் பட்டையோடு சேர்த்துப் போட்டின் உடம்பில் முறுக்கினேன். வேலை கச்சிதம்.

"பாப்பா, நீ அமுக்கு" என்றேன் பெருமையாக.

அமுக்கினாள். சத்தமில்லை. மறுபடியும் அமுக்கினாள். கோழி மட்டும் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

புது ஹாரன் டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, மதுரைக்குத் திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் பதில் பேசவில்லை. ஹாரனை வாங்கினார், இரண்டு ஒயரை எடுத்தார், மேஜைக்கடியில் இருந்த பேட்டரியில் நேராகத் தொட்டார். தெருவில் போன சைக்கிள்காரர் கீழே இறங்கிவிட்டார்.

"ஹாரன் நல்லாருக்கு தம்பி" என்றார் கடைக்காரர். அதற்குமேல் ஒன்றும் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

உங்களுக்கு இது உபயோகப்படும். பைக்கோ காரோ, ஹாரன் அடிக்கவில்லையென்றால் புதுசு வாங்க ஓடாதீர்கள். முதலில் அதைப் பேட்டரியோடு நேராகத் தொட்டுப் பாருங்கள். அடித்தால் ஹாரன் குற்றவாளியில்லை. ஒயர், ஸ்விட்ச், ஃப்யூஸ் என்று மற்றவர்களை விசாரியுங்கள்.

* * *

கடைசியில் வாடிப்பட்டி மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் போட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். முட்டையை எடுத்து பத்திரமாகக் கீழே வைத்தார். நகத்தால் போட்டின் பக்கவாட்டில் தட்டினார்.

"தம்பி, இது என்ன?"

"போட்டுண்ணே."

"அது தெரியுது. எதுல செஞ்சது?"

"ஃபைபர்."

"அப்ப எர்த்து எங்க குடுத்தீங்க?"

திருதிரு என்று விழித்தேன். அண்ணன் பொறுமையாகச் சொன்னார். பைக்குக்கு உடம்பு இரும்பு. பேட்டரியின் நெகட்டிவை அந்த உடம்பில் கட்டியிருப்பார்கள். அதனால் ஹாரனுக்குள் போன கரண்ட், வண்டியின் உடம்பு வழியாகவே திரும்பி வந்துவிடும். ஒரு ஒயர் மாதிரி கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று வண்டியேதான். ஃபைபர் போட் பிளாஸ்டிக் வாளிக்கு அண்ணன். அதில் கரண்ட் போகாது. போன கரண்ட் திரும்பி வர வழியே இல்லை.

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. கல்லூரியில் மூன்று வருஷம் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, டபுள் என்ட்ரி! ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட். நான் செய்ததோ பெட்டிக்கடை நோட்டுக் கணக்கு. போனதை எழுதினேன், வந்ததை எழுதவில்லை. கணக்கு எப்படி டேலி ஆகும்?

"கடல் தண்ணியில ஒரு ஒயரை விட்டா எர்த்து ஆகாதாண்ணே?" என்றார் மச்சான். நானும் அதையேதான் கேட்க நினைத்திருந்தேன்.

"தொலைஞ்சீங்க. உப்புத் தண்ணியில கரண்ட்டைக் கசிய விட்டா, தண்ணிக்குள்ள இருக்கிற இரும்பு, அலுமினியம் எல்லாத்தையும் அரிச்சுத் தின்னுரும். கடலுக்கு ஏது எர்த்து? தனியா ஒரு நெகட்டிவ் ஒயர் பேட்டரி வரைக்கும் இழுங்க."

அதோடு, பைக் ஹாரனையும் தள்ளுபடி செய்தார். பழையது போன வழியில் இதுவும் போகுமாம். போட்டுக்கென்றே துருப்பிடிக்காத எஃகில் செய்த ஊதுகுழல் ஹாரன் இருக்கிறது, 12 வோல்ட், தபாலில் வரவழைக்கலாம் என்றார். வரவழைத்தோம். பைக் ஹாரன் வீணாகவில்லை. இப்போது என் பைக்கில் இருக்கிறது. ஆறு மாதமாக அதிலும் ஹாரன் இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

* * *

அடுத்த ஞாயிறு, மாட்டுகிற படலம். எதிரே வரும் போட்டுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று முன்பக்கம் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து டிரில்லிங் மெஷினைத் தூக்கினேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். பலகைக்குப் பின்னால் தன் கையை விட்டுத் துழாவினார். ஒரு கறுப்புக் குழாயை இழுத்துக் காட்டினார்.

"இது என்னண்டு தெரியுதா? டேங்க்லருந்து என்ஜினுக்குப் போற பெட்ரோல் டியூப். இதுல ஓட்டை போட்டிருந்தா அப்புறம் ஹாரனே தேவைப்பட்டிருக்காது."

அதன்பிறகு நான் கையாள். ஸ்குரூ எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் மச்சான் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன திசைகாட்டி. ஹாரனைக் கிட்டே கொண்டுபோனதும் அதன் முள் பேயைக் கண்டது போலத் திரும்பியது. உள்ளே இரும்பும் காந்தச் சுருளும் இருக்கிறதல்லவா? அதனால் ஹாரனுக்கு இடம் அங்கிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி. ஓட்டுகிறவர் காதுக்கு நேராகவும் கூடாது.

துளை போடும் இடத்தில் டேப் ஒட்டினார். அப்போதுதான் ஃபைபரின் மேல் பூச்சு சில்லு சில்லாகப் பெயராதாம். துளை போட்டதும் அதன் ஓரம் முழுக்க சிலிக்கோன் பசை தடவினார். தடவாவிட்டால் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் கட்டை ஊறிப்போகும். துருப்பிடிக்காத போல்ட், பின்னால் அகலமான வாஷர், நடுவில் ரப்பர். ஒயர் தடியானது, மெல்லிசாகப் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி ஹாரன் ஜலதோஷம் பிடித்த மாதிரி முனகும். இந்த ஹாரன் 5 ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ். நெகட்டிவுக்குத் தனி ஒயர், திரும்பி வர. கடைசியாக ஹாரனின் வாயை முன்னால் பார்த்து, கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தார். வானத்தைப் பார்த்து வைத்தால் அலைத் தண்ணீர் உள்ளே விழுந்து தங்கிவிடும்.

"இது எப்படி மாமா சத்தம் போடுது?" என்றாள் பாப்பா.

அதற்கு உவமை தேட நான் கஷ்டப்படவில்லை. வாடிப்பட்டி மேளம் தெரியாதவர் இங்கே உண்டா? ஹாரனுக்குள் மேளத்தோல் மாதிரி ஒரு மெல்லிய தகடு. காந்தம் அதை இழுக்கும். இழுத்த உடனே தகடே ஸ்விட்ச்சைப் பிரித்துவிடும். கரண்ட் நின்று தகடு பழைய இடத்துக்கு ஓடும். ஓடியதும் மறுபடி கரண்ட், மறுபடி இழுப்பு. இப்படி நொடிக்குச் சில நூறு தடவை. ஆள் வைத்து அடித்தால் கட்டுபடியாகாத மேளம்.

அமுக்கினோம். தோப்பே அதிர்ந்தது. கோழி அன்று போனதுதான். பக்கத்துத் தோப்பில்தான் முட்டை வைக்கிறதாம்.

* * *

அண்ணன் காசு வாங்கிக்கொண்டு போனபிறகு மச்சானும் நானும் போட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா டீ எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மச்சான் அவள் போய்விட்டாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மாப்ளே, உங்க அக்காட்ட சொல்லிறாத."

"என்ன மச்சான்?"

சொன்னார். நாலு மாதத்துக்கு முன் தொண்டியில் திரும்பி வர நேரமாகிவிட்டது. இருட்டுகிற சமயம். போட்டில் விளக்கு எரிந்தது, ஆனால் மங்கல். எதிரே ஒரு பெரிய விசைப்படகு. நேராக இவர்கள்மேல் வருகிறது. இவர் ஹாரனை அமுக்கினார். சத்தமில்லை. கத்தினார். விசைப்படகின் என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? திருப்பலாமென்றால் அவன் எந்தப் பக்கம் திருப்புவான் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் திருப்பிவிட்டால்?

"பாப்பா கூட இருந்துச்சு மாப்ளே" என்றார். அதற்குமேல் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்புறம்?"

"காலி பெட்ரோல் கேன் ஒண்ணு கிடந்துச்சு. அதை மடியில கவுத்து வச்சு அடிக்க ஆரம்பிச்சுட்டா. நம்ம ஊரு மேளம் அடிப்பாங்கள்ல, அதே அடி. டம்மு டம்முண்டு. அந்தப் படகுல ஒருத்தர் திரும்பிப் பாத்தாரு. திருப்பிட்டாங்க. அலையில நாங்க கவுந்திருக்கணும். கவுரல."

முதலில் ஹாரன், அப்புறம்தான் பெயின்ட் என்று அவர் ஏன் நின்றார் என்று அப்போது புரிந்தது. தேங்காய்க்கா ஹாரன் என்று நினைத்ததற்காக மனசுக்குள் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன்.

கத்தியது கேட்காமல் கேன் சத்தம் ஏன் கேட்டது என்று அன்றிரவு யோசித்தேன். திருவிழா அன்று தூரத்திலிருந்து கேட்டிருப்பீர்களே. நாயனமும் பாட்டும் தேய்ந்துபோகும். மேளத்தின் கனமான அடி மட்டும் ஊரைத் தாண்டி வரும். தாழ்ந்த சுருதி தூரம் போகும். கனடாவில் ராபர்ட் ஃபோலிஸ் என்று ஒருவர். பனிமூட்டத்தில் வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் பியானோ வாசித்தது காதில் விழுந்ததாம். கீழ் ஸ்தாயி மட்டும் கேட்டதாம். அதிலிருந்துதான் நீராவியில் ஊதும் பனிச்சங்கு அவருக்குத் தோன்றியது என்று ஒரு கதை உண்டு. 1859-ல் அங்கே ஒரு தீவில் அது ஊத ஆரம்பித்தது. கப்பல்களுக்கும் விதியே அப்படித்தான். 200 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் ஊதல் 70-லிருந்து 200 ஹெர்ட்ஸுக்குள், அடிவயிற்றுக் குரலில் இருக்க வேண்டும். சின்னது கீச்சென்று கத்தலாம். குரலை வைத்தே ஆளின் சைஸ் தெரிந்துவிடும்.

அந்த விதிப் புத்தகத்தைப் படித்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கடலில் மோதல் தவிர்க்க 1972-ல் நாடுகள் சேர்ந்து எழுதியது. 1977-ல் அமலுக்கு வந்தது. அதில் ஹாரன் ஒரு பாஷை. ஒரு நொடி அளவுக்கு ஒரு சின்ன ஊதல்: நான் வலது பக்கம் திரும்புகிறேன். இரண்டு: இடது பக்கம். மூன்று: என்ஜினைப் பின்பக்கமாக ஓட்டுகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேல்: நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை ஐயா! பனிமூட்டத்தில் ஓடும்போது, இரண்டு நிமிஷத்துக்கு மிகாமல், 4-லிருந்து 6 நொடி வரை ஒரு நீண்ட ஊதல்: நான் இங்கே இருக்கிறேன்.

கவனித்தீர்களா? ஒன்றுகூட 'தள்ளிப் போடா' இல்லை. எல்லாமே 'நான் என்ன செய்யப் போகிறேன்' என்று அடுத்தவருக்குச் சொல்வது. நம் திண்டுக்கல் ரோட்டில் ஹாரன் அடிக்கிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அதில் ஒருவன். பைக்கில் ஹாரன் இல்லாத ஆறு மாதம் வாயால் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

போன ஞாயிறு போட் மறுபடி தொண்டியில் இறங்கியது. பெயின்ட், புது ஹாரன், ஆளுக்கொரு மிதவைச் சட்டை. எனக்கு நீச்சல் தெரியாது. ஆகவே ஹாரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

எதிரே ஒரு நாட்டுப் படகு வந்தது. வெகு தூரத்தில்தான். மச்சான் பாப்பாவைப் பார்த்தார். அவள் சரியாக ஒரு தடவை, ஒரே நொடி, அமுக்கினாள். மச்சான் வலது பக்கம் திருப்பினார். அந்தப் படகிலிருந்தவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் வழியில் போனார். அவருக்கு விதி தெரியுமோ தெரியாதோ. சத்தம் போய்ச் சேர்ந்தது. பதில் திரும்பி வந்தது. என் கணக்கு டேலி.

ராத்திரி வீட்டில் அக்கா சாப்பாடு போட்டாள். இரண்டு பேரும் பிள்ளைப் பூச்சி மாதிரி தலை குனிந்து சாப்பிட்டோம்.

"ஹாரன் நல்லா அடிக்குதா?" என்றாள்.

"சூப்பரா அடிக்குது" என்றார் மச்சான்.

"அடிக்கணும்ல. நாலு மாசமா எப்பதான் மாத்துவீகண்டு பாத்துக்கிட்டிருக்கேன். இந்தத் தடவையும் மாத்தலேண்டா போட்டை விறகுக்கடைக்கு எடைக்குப் போட்டுருப்பேன்."

மச்சானுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாப்பா அன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஃபைபர் விறகாகாது என்று அக்காவுக்கு எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

இன்னொரு விஷயம். போட்டைக் கரையில் கட்டும்போது பார்த்தேன். ஹாரன் ஸ்விட்ச்சுக்குக் கீழே அந்தப் பழைய கேன் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "இது எதுக்கு பாப்பா? அதான் புது ஹாரன் இருக்கே?" என்றேன்.

"ஹாரன் ரிப்பேரானா மாமா?"

12 மீட்டருக்குக் குறைவான படகு, காது கேட்கிற மாதிரி ஏதாவது ஒரு வகையில் சத்தம் எழுப்ப வழி வைத்திருந்தால் போதும் என்று அந்த 1972 விதியிலேயே இருக்கிறது. பாப்பா அதைப் படித்ததில்லை.

எங்கள் பி.காம். பாஷையில் அந்தக் கேனுக்கு ரிசர்வ் ஃபண்ட் என்று பெயர்.